சாலையைக் கடப்பவர்

மலாய் மொழியில் சாலையை 'ஜாலான்' என்பர். நடத்தலைக் குறிக்கும் 'பெர்ஜாலான்' என்னும் சொல்லும் அதிலிருந்தே கிளைத்தது. சாலை முதன்முதலில் யாருக்காக ஏற்பட்டது என்பதை அம்மொழி தன் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறது. தமிழிலோ 'கால்நடை' என்னும் சொல் நடந்து செல்வதையும் குறிக்கும். ஆடு மாடுகளையும் குறிக்கும். மாலை ஆறு மணிக்குக் கோலாலம்பூரின் சாலையோரத்தில் ஒருவர் கடப்பதற்காகக் காத்து நிற்கும்போது, வாகனமோட்டிகள் அவரைப் பார்க்கும் பார்வையைக் கவனித்தால், இவ்விரு பொருள்களுள் இரண்டாவதையே அவர்கள் கொண்டிருக்கிறார்களோ என்னும் ஐயம் எழும்.

அவ்வையம் மிகுதியாக எழும் இடங்களுள் ஒன்று செராஸ். தலைநகரின் புடு வட்டாரத்தைத் தாண்டித் தென்கிழக்கே காஜாங் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் நிலப்பரப்புக்கு அப்பெயர். அதன் ஒரு பகுதி கூட்டரசுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. மற்றொரு பகுதி சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள தமிழர்களுள் மூத்தவர்கள் இடம் சொல்லும்போது, 'ஒன்பதாங்கட்டை', 'பதினோராங்கட்டை' என்றே இன்றும் சொல்வர். கட்டை என்பது மைற்கல். பேருந்தில் ஏறியவுடன், "எந்தக் கட்டையில் இறங்க வேண்டும்?" என்று நடத்துநர் கேட்ட காலத்தின் எச்சம் அது. மைல் கணக்கு மறைந்து கிலோமீட்டர் கணக்கு வந்துவிட்டது, கற்களும் மறைந்துவிட்டன. ஆயினும் 2017ஆம் ஆண்டில் எம்.ஆர்.டி. தொடர்வண்டித் தடம் இவ்வழியே திறக்கப்பட்டபோது, ஒரு நிலையத்திற்குப் 'பத்து 11 செராஸ்' என்றே பெயர் சூட்டினர். பெயர்களுக்கு மனிதர்களைவிட ஆயுள் அதிகம் போலும்.

அக்கற்களுக்கு அருகே நடந்தவர்களுக்குச் சாலையின் குறுக்கே செல்வது ஒரு செயலாகவே தோன்றியிருக்காது. இப்பக்கம் வீடு, அப்பக்கம் கடை. இடையில் தார் போட்ட ஒரு கீற்று, அவ்வளவே. 1999இல் செராஸ்–காஜாங் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. சாலை அகன்றது, நடுவில் தடுப்பு எழுந்தது, சுங்கச்சாவடிகள் வந்தன. ஆனால் இரு கரையிலும் வாழ்ந்த மக்கள் அங்கேயேதான் இருந்தனர். அவர்களுடைய வீடும் கடையும் பள்ளியும் மருந்தகமும் முன்போலவே எதிரெதிரே இருந்தன. நடுவில் ஓடிய ஓடை ஒரே இரவில் காட்டாறாகிவிட்டாற்போன்ற நிலை அது. காட்டாற்றுக்காவது வற்றுங்காலம் உண்டு.

இதில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று. வகுப்பறையில் மாணவர்களுக்குக் கொடுக்கவும் ஏற்ற கணக்குத்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் தூரத்தைத் தாண்டுகிறது. ஒரு தடத்தின் அகலம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் எனக் கொண்டால், மூன்று தடங்களைக் கடக்கப் பத்தரை மீட்டர் நடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள மூதாட்டி விநாடிக்கு ஒரு மீட்டர் நடப்பாரானால், அவருக்கு ஏறக்குறைய பதினொரு விநாடி வேண்டும். அந்தப் பதினொரு விநாடியில் அந்தக் கார் 275 மீட்டர் வந்துவிடும். ஆகவே, அவர் காலெடுத்து வைக்கும்போது அவருடைய கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் வண்டியும்கூட, அவர் மறுகரை சேர்வதற்குள் அவர் பக்கத்தில் வந்து நிற்கும். நிற்கும் என்பதுகூட மங்கலச் சொல்லே. மூத்தவர்களின் கண்ணும் சிறுவர்களின் அறிவும் அந்தத் தூரத்தையும் வேகத்தையும் ஒருங்கே மதிப்பிட வல்லவை அல்ல. கண்ணில்லாமல் கடந்தார்கள் என்று பிறகு சொல்வது எளிது.

"மேம்பாலம் இருக்கிறதே, அதில் ஏறிப் போகலாமே" என்பது அடுத்துக் கேட்கும் வாதம். உண்மை, மேம்பாலங்கள் உண்டு. ஆனால் அவற்றின் படிகளை வரைந்தவர் காய்கறிப் பையுடன் அவற்றில் ஏறியவர் அல்லர் என்பது முதற்படியிலேயே தெரிந்துவிடும். ஒரு பாலத்திலிருந்து மற்றொரு பாலத்திற்குச் செல்ல வெகுதூரம் நடக்க வேண்டியும் இருக்கும். சாலையின் ஒரு பகுதி ஒரு மன்றத்தின் பொறுப்பு, மற்றொரு பகுதி வேறொரு மன்றத்தின் பொறுப்பு, விரைவுச்சாலையோ குத்தகை நிறுவனத்தின் பொறுப்பு. எரியாத விளக்கைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்பதை நடப்பவர் அறியார். சில பாலங்களில் மோட்டார் சைக்கிள்களே ஏறி வருவதும் உண்டு. தரையில் வண்டிக்கு அஞ்சி மேலே ஏறினால், மேலேயும் வண்டி! எம்.ஆர்.டி. வந்த பிறகு ஓரளவு நிலைமை மாறியிருக்கிறது. நிலையங்களோடு இணைந்த பாலங்களில் மின்தூக்கியும் நகரும் படிகளும் உள்ளன. தொடர்வண்டியில் ஏறும் எண்ணமே இல்லாமல், சாலையைக் கடப்பதற்காக மட்டுமே அவற்றைப் பயன்படுத்தும் முதியவர்களைக் காணலாம். போக்குவரத்துத் திட்டம் வகுத்தவர்கள் எண்ணிப் பாராத நற்பயன் இது.

தமிழனுக்கும் இந்நாட்டுச் சாலைக்கும் உள்ள உறவு, கடப்பவன் என்னும் உறவு மட்டுமன்று. சக்கரம் உருண்டதனாலேயே அவன் இங்கு வந்தான் என்று கூறினும் பிழையாகாது. 1877இல் கோலக்கங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர மிதிவண்டி அதிராமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தைச் செய்தார். அதன் பிறகே உலகத்திற்கு இரப்பர்ப் பசி பிடித்தது. முதலில் மிதிவண்டிக்கு, பின்னர் மோட்டார் காருக்கு. அந்தப் பசியைத் தணிக்கத்தான் மலாயாவின் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்து இறங்கினர். ஒரு சிறுவனின் மிதிவண்டிக்கும் நாகப்பட்டினத்துக் கப்பலுக்கும் இடையே இப்படியொரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது.

தோட்டத்திற்குச் செல்லாதவர்களுள் பலர் பொதுப்பணித் துறையில் சாலை போடச் சென்றனர்; இரயில்வேயில் தண்டவாளம் பதிக்கச் சென்றனர். தோட்டத் தமிழர் பேச்சில் தார்ச்சாலைக்குச் 'சடக்கு' என்று பெயர். சடக்கு வேலைக்குப் போனவர்கள் கல் உடைத்தனர், தார் காய்ச்சினர், வேகாத வெயிலில் பரப்பினர். கிள்ளான் பள்ளத்தாக்கில் அன்று போடப்பட்ட சாலைகளில் அவர்களுடைய கைபடாத மைல் குறைவே.

இரப்பரைச் சீவிய கைக்கும் சடக்கைப் போட்ட கைக்கும் கிட்டிய முதல் வாகனம் மிதிவண்டி. தோட்டத்தில் ஒரு காலத்தில் அது கிராணியின் அந்தஸ்துக்கு அடையாளம். பிறகு தண்டலுக்கு வந்தது. பிறகு பால்மரம் சீவுகிறவருக்கும் வந்தது. விடியுமுன் பிரட்டுக்குச் செல்கையில் முன்னே ஒரு விளக்கு. பின்னிருக்கையில் இருபுறமும் தொங்கும் பால் வாளிகள். நகராண்மைக் கழகங்கள் மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் உரிமம் வழங்கித் தகடு அடித்த காலமும் உண்டு. விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ்காரர் நிறுத்துவார். சக்கரத்திலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டு, வீடுவரை தள்ளிக்கொண்டு போகச் செய்வதும் உண்டு. அக்காலத்தில் மிதிவண்டியும் ஒரு வாகனமாகவே மதிக்கப்பட்டது. தண்டிக்கப்பட்டதும் அந்த மதிப்பின் ஒரு பகுதியே. மிதிவண்டியின் ஆற்றலை மலாயா வேறொரு வகையிலும் கண்டது. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் மிதிவண்டிகளில் ஏறியே தெற்கு நோக்கி விரைந்தனர். இரண்டு மாதம் நிறைவதற்குள் ஜொகூர் பாருவை எட்டிவிட்டனர். ஆங்கிலேயர் போட்ட நல்ல சாலைகளே அவர்களுக்குத் துணை செய்தன என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அந்தச் சாலைகளைப் போட்டவர்கள் யார் என்பதை அவர்கள் அவ்வளவாகக் கூறுவதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்காக விற்கப்பட்டும் போனபின், மக்கள் நகர்ப்புறம் வந்தனர். செராஸ் வட்டாரத்து அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் குடியேறியவர்களுள் அவர்களும் உண்டு. மிதிவண்டி படிக்கட்டின்கீழ்த் துருப்பிடித்தது. அதன் இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்துச் செம்மண் பாதையில் பழகிய கை, ஆறு தடச் சாலையில் அதைச் செலுத்தத் தொடங்கியது. இந்த மாற்றத்திற்கு யாரும் யாருக்கும் பாடம் சொல்லித் தரவில்லை.

மலேசியச் சாலைகளில் மாண்டவர்களின் எண்ணிக்கை 2016ஆம் ஆண்டில் 7,152. நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது பேர். 2020, 2021 ஆகிய ஆண்டுகள் நீங்கலாக, அண்மை ஆண்டுகளிலும் ஆறாயிரத்திற்குக் கீழே பெரிதாக இறங்கவில்லை. 2023இல் 6,443 பேர். இவர்களுள் ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலையில் இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நடந்தும் மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்களே. இரும்புக் கூட்டுக்குள் அமராதவர்கள் என்று ஒரே சொற்றொடரில் அடக்கிவிடலாம்.

ஆயினும் இந்நாடு இதனைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது என்றும் கூறுதல் பொருந்தாது. தலைக்கவசம் 1973லேயே கட்டாயமாக்கப்பட்டது. பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992இல் வந்தது. எல்லாவற்றினும் குறிப்பிடத்தக்கது கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், உலக வங்கித் திட்டம் ஒன்றின்கீழ் 1970களில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே அமைக்கப்பட்ட தனித்தடம். காரும் லாரியும் அதனுள் நுழைய இயலாது. அந்தத் தடம் 1990களில் நீட்டிக்கப்பட்டபோது ராடின் உமார் முதலிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்தனர். மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறக்குறைய 39 விழுக்காடு குறைந்தன என்று கண்டனர். மழைக்காலத்தில் தேங்கும் நீரையும், இருள்படிந்த சுரங்க வழிகளையும், அங்கே பதுங்கும் வழிப்பறிக்காரர்களையும் பற்றி அத்தடத்தில் செல்பவர்கள் குறை கூறுவர், அக்குறைகள் மெய்யானவை. எனினும் ஓர் உண்மையை அத்தடம் காட்டிவிட்டது. மனிதர்கள் ஒரே இரவில் ஒழுக்கசீலர்களாக மாறியதால் அந்த 39 விழுக்காடு குறையவில்லை. அதே இளைஞர்கள், அதே அவசரம், அதே பழைய வண்டிகள். மாறியது சாலை.

தமிழ் நாளேடுகளின் நினைவஞ்சலிப் பக்கங்களைப் புரட்டும் பழக்கம் ஆசிரியர்கள் பலரிடம் உண்டு. முதியவர்களின் படங்களுக்கிடையே, கறுப்புக் கண்ணாடி அணிந்து மோட்டார் சைக்கிளின்மேல் சாய்ந்து நிற்கும் இருபது வயது முகமொன்று தென்படும். 'அகால மரணம்' என்று கீழே அச்சிட்டிருப்பார்கள். 31ஆம் நாள் வழிபாட்டிற்கு அழைப்பும் இருக்கும். பெயரைப் படித்ததும் ஆசிரியருக்கு நான்காம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பையனின் கையெழுத்து நினைவுக்கு வரும். அவனுக்குப் பெருக்கல் வாய்பாடு கற்பித்தாயிற்று, ஆத்திசூடி கற்பித்தாயிற்று, சந்திப்பில் லாரியின் இடப்பக்கத்தில் நிற்கலாகாது என்பதை மட்டும் எந்தப் பாடநூலும் அவனுக்குச் சொல்லவில்லை. லாரி இடப்புறம் திரும்பும்போது தன் பக்கவாட்டில் நிற்பவனை அதன் ஓட்டுநரால் பார்க்க இயலாது. சின்னஞ்சிறு செய்திதான் இது. ஓர் உயிரின் விலை உடையது.

இதுவரை சொன்னவற்றில் சாலையும் அரசும் லாரியும் குற்றவாளிக் கூண்டில் நின்றன. இனி நிற்க வேண்டியவர் வேறொருவர். 1985இல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. அதன் பின்வந்த ஆண்டுகளில் தவணைக் கடனில் கார் வாங்கும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. பால்மரம் சீவியவரின் மகன் எழுத்தரானான், ஆசிரியரானான், கார் வாங்கினான். எலுமிச்சம் பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிப் பூசை போட்டுப் புறப்பட்ட அன்றே, தான் இருபது ஆண்டு நடந்ததையும் பத்தாண்டு மிதித்ததையும் மறந்தான். நடப்பவர், மிதிப்பவர், ஓட்டுபவர் என்று மூன்று இனத்தார் இருப்பதாக எண்ணுகிறோம்; உண்மையில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையே அவர்கள். பலருடைய வாழ்வில் ஒரே மனிதனின் மூன்று பருவமும் அவையே. இன்னும் நுணுகிப் பார்த்தால், ஒரே நாளின் மூன்று வேளையும் அவையே.

ஐயமுள்ளவர்கள் காலை ஏழு மணிக்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் வாயிலில் நின்று பார்க்கலாம். எந்தப் பள்ளி என்று தேட வேண்டியதில்லை. கார்கள் இரண்டு வரிசையாக நிற்கும். தன் பிள்ளை இருபதடி நடக்கலாகாது என்பதற்காக, ஒரு தந்தை வாயிலுக்கு நேரே வண்டியை நிறுத்துவார். அதனால் மற்றவர் பிள்ளைகள் நடுச்சாலையில் இறங்கிச் சுற்றி வருவர். மோட்டார் சைக்கிளில் தந்தைக்குத் தலைக்கவசம் இருக்கும். முன்னே எண்ணெய்த் தொட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இராது. "பக்கத்தில்தானே" என்பது விடை. பிள்ளையின்மீது பாசமில்லாதவர்கள் அல்லர் இவர்கள். அன்று காலை அப்பிள்ளையின் நெற்றியில் திருநீறு இட்டுவிட்டு வந்தவர்கள்.

தமிழ் இலக்கியத்தில் மிகப் பழைய சாலை விபத்து திருவாரூரில் நடந்தது. மனுநீதிச் சோழனின் மகன் அரச வீதியில் தேரில் வந்தான். கன்று ஒன்று யாரும் அறியாமல் துள்ளிப் புகுந்து தேர்க்காலில் சிக்கி மாண்டது. தாய்ப்பசு அரண்மனை மணியை அசைத்தது. சேக்கிழார் விரித்துரைத்த கதை இது. சிலப்பதிகாரத்துக் கண்ணகியும் இதனைச் சொல்லியே தன் ஊரைப் பாண்டியனுக்கு அறிமுகம் செய்கிறாள். வகுப்பறைகளில் இதனை நீதியின் பெருமைக்குச் சான்றாகக் கற்பிக்கிறோம். தந்தை மகனைத் தேர்க்காலில் இட்ட கொடுமையைப் பற்றி மாணவர்கள் கேட்கும்போது சற்றே தடுமாறுகிறோம். ஆனால் அக்கதையில் சாலைக்குரிய செய்தியொன்று உண்டு. இளவரசன் வேண்டுமென்றே செய்ததன்று என்பது யாவரும் அறிந்ததே. அமைச்சர்கள் பிராயச்சித்தம் செய்து முடித்துவிடலாம் என்றனர். கன்று தானே குறுக்கே பாய்ந்தது என்பதை மன்னன் ஒரு விலக்காக ஏற்கவில்லை. கன்று துள்ளும், துள்ளுவது அதன் இயல்பு. தேர் யாருடைய கையில் இருக்கிறதோ அவனே கன்றின் துள்ளலுக்கும் விடை சொல்ல வேண்டியவன் என்பது அவன் துணிபு. அத்தண்டனையை இன்று எவரும் ஏற்கமாட்டார். அத்துணிபை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது.

கன்றுகள் பாய்ந்த வழக்கொன்று இந்நாட்டிலும் நடந்தது. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு மேல், ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில், பிரேக் கழற்றித் தாழ்த்தி அமைத்த மிதிவண்டிகளில் ஒரு கூட்டமாகப் பதின்ம வயதுச் சிறுவர்கள் சென்றுகொண்டிருந்தனர். 'பாசிக்கால் லாஜாக்' என்பது அவ்வண்டிக்கு வழங்கும் பெயர். வந்த கார் ஒன்று அக்கூட்டத்தில் மோதியது. எட்டுச் சிறுவர்கள் மாண்டனர். வேறு சிலர் காயமுற்றனர். ஓட்டிவந்தவர் ஓர் இளம்பெண். அவர் மது அருந்தியிருக்கவில்லை, கைப்பேசியைப் பயன்படுத்தவில்லை என்று கீழ் நீதிமன்றம் கண்டது. 2019லும் 2021லும் அவரை விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டுச் சிறையும் ஆறாயிரம் ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டு வரையப்பட்ட முறையே பிழையானது என்று கூறி அத்தீர்ப்பை நீக்கியது.

அந்த ஆறாண்டும் நாடு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. பெற்றோர் என்ன செய்துகொண்டிருந்தனர், அந்நேரத்தில் சிறுவர்களுக்குச் சாலையில் என்ன வேலை என்று ஒரு சாரார் கேட்டனர். மாண்டவர்கள் சிறுவர்கள் ஆயிற்றே என்று மறு சாரார் கேட்டனர். அப்பெண்ணின் நிலைமையில் தம்மை வைத்துப் பார்த்து அஞ்சியவர்கள் மிகப் பலர். ஏனெனில் நாட்டில் கார் ஓட்டுபவர்களே மிகப் பலர். இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாதம் முழுவதும் மோதிய பிறகு யாரைப் பொறுப்பாக்குவது என்பதிலேயே சுழன்றது. சிறுவர்கள் பிழை செய்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும், அப்பிழைக்கு உயிரையே விலையாகக் கேட்கும் சாலையைப் பற்றி மிகச் சிலரே பேசினர்.

நெதர்லாந்து நாட்டில் 1971இல் நானூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் சாலையில் மாண்டனர். அங்கும் பெற்றோர்களே முதலில் தெருவிற்கு வந்தனர். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அவர்களுடைய இயக்கத்தின் பெயர். விபத்து என்று சொல்லாமல் கொலை என்றே அவர்கள் சொன்னதைப் பலர் மிகையென்று கருதினர். எண்ணெய் நெருக்கடியும் உடன் வந்தது, சாலைகள் திருத்தப்பட்டன, மிதிவண்டிக்குத் தனிப்பாதைகள் வந்தன. அந்நாட்டு இழப்பீட்டுச் சட்டமும் கவனிக்கத்தக்கது. கார் மோதிய பாதசாரியோ மிதிவண்டிக்காரரோ 14 வயது நிரம்பாத சிறுவராயின், இழப்பு முழுவதற்கும் வாகனத் தரப்பே பொறுப்பு. சிறுவன் திடீரெனக் குறுக்கே பாய்ந்தான் என்று கூறித் தப்ப இயலாது. சிறைத்தண்டனை அன்று, பணப்பொறுப்புத்தான். ஆயினும் திருவாரூர் மன்னன் அதைக் கேட்டால் தலையசைப்பான். மகனைத் தேர்க்காலில் இடாமலேயே அவன் கருத்தை நிலைநாட்டும் வழி அது.

கோலாலம்பூரிலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2018இல் உலக நகர்ப்புற மாநாடு இங்கு நடந்தபோது நகர நடுவே நீல வண்ணம் பூசிய மிதிவண்டித் தடங்கள் தோன்றின. சின்னாளில் அவற்றின்மேல் கார்கள் இளைப்பாறத் தொடங்கின. வண்ணம் மட்டும் யாரையும் காப்பதில்லை என்பது கூட்டரசு நெடுஞ்சாலைத் தடத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். அதற்குக் கற்சுவர் இருந்தது. இதற்குக் கோடு மட்டுமே இருந்தது. விடுமுறை நாள்களில் பளபளக்கும் உடையில் பல்லாயிரம் ரிங்கிட் மதிப்புள்ள மிதிவண்டிகளில் செல்பவர்களைப் பார்க்கும்போது அத்தடங்கள் அவர்களுக்கென எழுந்தவை எனத் தோன்றக்கூடும். ஆனால் வேலைக்காக மிதிப்பவர்கள் வேறு.

அவர்களைக் காணச் செராஸ் பதினோராங்கட்டைக்கு அண்மையிலுள்ள பலாக்கோங் தொழிற்பேட்டைப் பக்கம் செல்ல வேண்டும். வேலை முடியும் நேரத்தில் பழைய மிதிவண்டிகளில், விளக்கில்லாமல், சாலையின் இடது ஓரத்து மணலில் வரிசையாகச் செல்வார்கள். வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மொழி அறியார், சாலைப் பலகையில் எழுதியிருப்பது புரியாது. சிலருடைய நாட்டிலும் வண்டிகள் இடப்பக்கமே செல்கின்றன என்பது ஒன்றே அவர்களுக்குள்ள துணை. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருப்பதால் பேருந்துக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பவர்கள். அவர்களுள் ஒருவர் அடிபட்டால், செய்தித்தாளில் வயதும் நாடும் மட்டுமே வரும். நினைவஞ்சலிப் படம் வராது. நூறாண்டுகளுக்கு முன் சடக்கோரம் இப்படித்தான் தமிழர்கள் சென்றனர். இன்று அவர்களைக் கடந்து செல்லும் கார்களில் பிள்ளையார் சிலை வைத்த கார்களும் உண்டு. ஒலிப்பானை அழுத்துவதில் அவை மற்றவற்றுக்குச் சற்றும் பின்தங்குவதில்லை. மிதிவண்டியைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விலகிச் செல்வதற்கு ஆகும் நேரம் இரண்டு மூன்று விநாடிகள். பின்விளக்கு ஒன்றின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேற்படாது. கோவிலிலும் சங்கத்திலும் பொன்னாடைக்குச் செலவிடும் தொகையில் ஒரு கூடை நிறைய வாங்கலாம்.

சாலையை நடப்பவருக்கு விட்டுக்கொடுக்க இந்நகரத்திற்குத் தெரியாமலில்லை. தைப்பூசத்தையொட்டி, ஜாலான் துன் எச்.எஸ். லீயிலுள்ள மகாமாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளித்தேர் புறப்படுகிறது. பத்துமலைவரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அன்று போலீஸார் சாலைகளை மூடுகின்றனர். கார்கள் பக்கத்துத் தெருக்களில் காத்திருக்கின்றன. செருப்பில்லாத கால்கள் தார்ச்சாலையின் நடுவே செல்கின்றன. கைக்குழந்தையோடு செல்பவரும் கோலூன்றிச் செல்பவரும் யாருக்கும் அஞ்சாமல் தம் நடையிலேயே செல்கின்றனர். கூட்டம் பெரிது, பாதுகாப்பும் பெரிது.

செராஸிலும் அத்தகைய இரவு வாரத்திற்கு ஒன்று உண்டு. புதன்கிழமைதோறும் தாமான் கானாட்டில் கூடும் இரவுச்சந்தை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமுடையது. மாலையில் கூடாரங்கள் எழுகின்றன. வண்டிகள் நுழைய முடியாது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும், பலாக்கோங்கிலிருந்து வந்த அயல்நாட்டுத் தொழிலாளரும் தோளோடு தோள் உரச நடக்கின்றனர். பெற்றோரின் கையை விட்டுச் சிறுவர்கள் ஓடுகின்றனர். ஓடினாலும் யாரும் பதறுவதில்லை. மோதினால் ஒரு பை நிலக்கடலை சிதறும், அவ்வளவே. நள்ளிரவையொட்டிக் கூடாரங்களைப் பிரிக்கிறார்கள், குப்பை அள்ளப்படுகிறது, முதல் கார் மெதுவாக உள்ளே வருகிறது. சிதறிய நீரும் காய்கறித் தோலும் கிடப்பதால் அது அப்போது விரைவாக ஓடுவதில்லை. விடிந்த பிறகு சாலை காய்ந்துவிடுகிறது.